2 சென்சர் மாற்றியும் அதே மூன்று கோட்: இசிஎம் வாங்கத்தான் வேண்டுமா?

படுவான்கரை_பெக்கோ | ஞாயிறு, இரவு 8.12

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 20 தொன் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) ஒன்று இருக்கிறது. ஜப்பானில் பாவித்து இங்கே இறக்கியது. கொமன் ரெயில் எஞ்சின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ரெயில் என்ற ஒரே உயரழுத்தக் குழாயில் இருந்து டீசல் போகும் வகை), 24 வோல்ட், மீற்றரில் 9,400 மணித்தியாலம். வவுணதீவுக்கு அப்பால் ஒரு குளக்கட்டு வேலைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். மாரி மழை இறங்குவதற்குள் கட்டு முடிய வேண்டும். ஆனால் வண்டி நாளுக்கு இரண்டு மணித்தியாலம்கூட ஒழுங்காக ஓடவில்லை.

காலையில் ஸ்டார்ட் பண்ணினால் நன்றாக வேலை செய்கிறது. ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் போனதும் திடீரென்று இழுவை விழுந்துவிடுகிறது. 1,400 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறாது. டிஸ்பிளேயில் மூன்று பிழைக் கோட் ஒன்றாக வருகிறது:

எஸ்பிஎன் 3509, எஃப்எம்ஐ 4
எஸ்பிஎன் 157, எஃப்எம்ஐ 4
எஸ்பிஎன் 102, எஃப்எம்ஐ 4

சாவியை ஓஃப் பண்ணிக் கொஞ்ச நேரம் விட்டால் கோட் போய்விடும். பிறகு அரை மணித்தியாலம் வேலை செய்யும், திரும்பவும் அதே கதை.

லப்டொப்புடன் ஒருவரைத் தூரத்தில் இருந்து வரவழைத்தேன். 157 என்றால் ரெயில் பிரஷர் என்று சொல்லி ரெயில் சென்சரை மாற்றினார். இரண்டு நாள் ஓடியது. மறுபடி வந்து, 102 பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) என்று அதையும் மாற்றினார். அன்று மாலையே கோட் வந்துவிட்டது. இப்போது இசிஎம் (எஞ்சினின் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்கிறார். சென்சர் இரண்டுக்கும் அவருடைய போக்குவரத்துக்கும் 1 இலட்சத்து 70 ஆயிரம் ரூபா போய்விட்டது. லீசிங் கட்ட வைத்திருந்த காசு அது. இசிஎம் வாங்கத்தான் வேண்டுமா? யாருக்காவது இதே மாதிரி வந்திருக்கிறதா?

வாழைச்சேனை_டீசல் | ஞாயிறு, இரவு 8.50

தம்பி, 157 வந்தால் நான் முதலில் டீசலைத்தான் பார்ப்பேன். 2022 இல் டீசல் தட்டுப்பாடு வந்தபோது பீப்பாவிலும் கேனிலும் சேர்த்து வைத்த டீசலைக் குடித்த வண்டிகள் இன்றுவரை என்னிடம் வருகின்றன. தண்ணீர் கலந்து பம்பும் இன்ஜெக்டரும் தேய்ந்த வண்டிகள். உங்கள் வண்டியில் ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள்? செடிமெண்டரில் (டீசலில் இருந்து தண்ணீரைப் பிரிக்கும் கிண்ணம்) தண்ணீர் நிற்கிறதா? ஃபில்டர் மாற்றி, இன்ஜெக்டர் பைப்பை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பாருங்கள், எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும்.

கல்முனை_ஓட்டோஎலக்ட்ரிக் | ஞாயிறு, இரவு 9.05

தம்பி, முதலில் ஒரு விஷயம். பைப்பைத் தளர்த்த வேண்டாம். எஞ்சின் ஓடும்போது கொமன் ரெயில் பைப்பில் கை வைக்கவே கூடாது. ஐடிலிலேயே நூற்றுக்கணக்கான பார் நிற்கும், முழுச் சுமையில் 1,600 பார் வரைக்கும் போகும் எஞ்சின்கள் உண்டு. அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே டீசலை ஏற்றிவிடும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். பழைய இன்லைன் பம்பில் நாங்கள் எல்லோரும் செய்த வேலைதான் அது. இதில் அது கிடையாது.

வாழைச்சேனை அண்ணன் கோபிக்க வேண்டாம். சேற்று வயலில் நிற்கும் ஆள் இதைப் படித்துவிட்டு ஸ்பானரை எடுத்துவிடக் கூடாது என்றுதான் உடனே எழுதினேன். கோட் பற்றி இஷாத் தொழுகைக்குப் பிறகு விரிவாக எழுதுகிறேன். இசிஎம்முக்கு முற்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

வாழைச்சேனை_டீசல் | ஞாயிறு, இரவு 9.11

கல்முனைக் காக்கா (அண்ணன்) சொன்னது சரி. நான் பழைய வண்டி நினைவில் எழுதிவிட்டேன். தம்பி, அந்த வரியை விட்டுவிடுங்கள். ஃபில்டரை மட்டும் பாருங்கள்.

கல்முனை_ஓட்டோஎலக்ட்ரிக் | ஞாயிறு, இரவு 10.20

சரி, இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

எஸ்பிஎன் எந்த இடம் என்று சொல்கிறது, எஃப்எம்ஐ அந்த இடத்தில் என்ன மாதிரிப் பிழை என்று சொல்கிறது. இது ஜே1939 என்ற பொது முறை. இந்த முறையில் கோட் காட்டும் வண்டி எந்தக் கம்பெனி என்றாலும் இந்த எண்களின் பொருள் மாறாது. நம்முடைய ஆட்கள் எஸ்பிஎன்னை மட்டும் வாசித்துவிட்டு, எஃப்எம்ஐயைப் பார்க்காமல் பார்ட்ஸ் கடைக்கு ஓடுகிறார்கள். உங்கள் வண்டிக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

எஃப்எம்ஐ 3 என்றால் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிட மேலே. 4 என்றால் கீழே. 5 என்றால் வயர் திறந்து கிடக்கிறது. இந்த மூன்றும் கரண்ட் பக்கத்துச் சங்கதி. எஃப்எம்ஐ 0, 1, 16, 18 வந்தால் கதை வேறு. சென்சர் சரியாக வேலை செய்கிறது, அது அளக்கிற பொருள்தான் கூடியோ குறைந்தோ இருக்கிறது என்று அர்த்தம். 157 உடன் 1 அல்லது 18 வந்திருந்தால் வாழைச்சேனை அண்ணன் சொன்னபடி ஃபில்டர், டீசல் சப்ளை, இன்ஜெக்டரின் திரும்பு வழிக் கசிவு எல்லாம் பார்க்க வேண்டும். உங்களுக்கு வந்தது 4. ரெயிலில் பிரஷர் இல்லை என்று இசிஎம் சொல்லவில்லை. அந்த வயரில் எனக்கு வோல்டேஜ் வரவில்லை என்றுதான் சொல்கிறது.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். 3509 என்பது சென்சர்களுக்கு இசிஎம் கொடுக்கும் 5 வோல்ட் சப்ளை, இலக்கம் 1. ரெயில் சென்சரும் பூஸ்ட் சென்சரும் உங்கள் வண்டியில் அதில்தான் தொங்குகின்றன போலத் தெரிகிறது. நீங்கள் வயல்காரர் ஊரில் நிற்கிறீர்கள், அதனால் இப்படிச் சொல்கிறேன். ஒரு வாய்க்காலில் இரண்டு வயல். வாய்க்கால் மேலே உடைப்பு எடுத்துவிட்டது. இரண்டு வயலும் காய்கிறது. ஒவ்வொரு வயலின் வக்கடையையும் (வரம்பில் தண்ணீர் பாயும் வாய்) வெட்டித் திருத்தினால் தண்ணீர் வருமா? உடைப்பைத் தேட வேண்டும். 157 உம் 102 உம் காய்ந்த வயல்கள். 3509 தான் உடைப்பு.

5 வோல்ட் ஏன் விழுகிறது என்பதற்கு மூன்று காரணம்தான். அந்த லைனில் உள்ள ஒரு சென்சர் உள்ளே ஷோர்ட் ஆகி இருக்கலாம். வயர் எங்கேயோ தேய்ந்து பொடியில் (வண்டியின் இரும்பு உடலில்) தொடலாம். கடைசியாகத்தான் இசிஎம். நான் பார்த்த அளவில் இசிஎம் போனது மிகக் குறைவு, அதுவும் பெரும்பாலும் வெல்டிங் பண்ணியதால் போனவை.

நாளைக்கு இதைச் செய்யுங்கள். சாவி ஓன், எஞ்சின் ஓஃப். பூஸ்ட் சென்சர் பிளக்கைக் கழற்றி, சப்ளை வயருக்கும் ரிட்டர்ன் (மைனஸ்) வயருக்கும் நடுவில் மீற்றரை வையுங்கள். 4.75 இல் இருந்து 5.25 வரை இருந்தால் நல்லது. குறைந்தால் மீற்றரை அப்படியே வைத்துக்கொண்டு அந்த சப்ளையில் உள்ள மற்ற சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் ஆள். எல்லாம் கழற்றிய பிறகும் வரவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஹார்னஸ் (வயர்க் கட்டு). எந்த சென்சர் எந்த சப்ளையில் இருக்கிறது என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், வயரிங் டயகிராம் இல்லாமல் ஊகிக்கக் கூடாது.

மீற்றர் முனையைப் பிளக்கின் பெண் டெர்மினலுக்குள் திணிக்காதீர்கள், அது விரிந்துவிட்டால் புதிதாக ஒரு பழுது. பின்பக்கத்தால் மெல்லிய பின்னை விட்டு அளவெடுங்கள். வயரின் தோலைக் குண்டூசியால் குத்துவதும் வேண்டாம். நம்முடைய கடற்கரைக் காற்றுக்கு அந்தச் சின்ன ஓட்டை போதும், உப்பு உள்ளே போய் ஆறு மாதத்தில் செம்பு பச்சைக் களிம்பாகிவிடும்.

களுவாஞ்சி_மாணவன் | திங்கள், காலை 6.30

காக்கா, நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறேன். ஒரு சந்தேகம். பிரஷர் சென்சர் 0.5 வோல்ட்டில் இருந்து 4.5 வரை கொடுக்கும் என்று படித்தோம். பிரஷர் இல்லாதபோது ஏன் 0 வோல்ட் கொடுக்கக் கூடாது? ஏன் அரை வோல்ட்டை வீணாக்குகிறார்கள்?

கல்முனை_ஓட்டோஎலக்ட்ரிக் | திங்கள், காலை 7.15

நல்ல கேள்வி மகன். பிரஷர் இல்லை என்பதற்கும் 0, வயர் அறுந்தது என்பதற்கும் 0 என்றால் இசிஎம் எப்படிப் பிரித்தறியும்? அதனால்தான் கீழே அரை வோல்ட், மேலே அரை வோல்ட் விட்டிருக்கிறார்கள். 0.5 வந்தால் "நான் உயிரோடு இருக்கிறேன், பிரஷர்தான் இல்லை" என்று சென்சர் சொல்கிறது. 0.1 வந்தால் பேச ஆளே இல்லை. அந்த விளிம்புகளுக்கு வெளியே போனால்தான் எஃப்எம்ஐ 3 உம் 4 உம் பிறக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை உங்களுக்குத் தெரிந்த மாதிரி.

சம்மாந்துறை_டிப்பர் | திங்கள், காலை 7.40

இழையை இடையில் மறிப்பதற்கு மன்னிக்கவும். என்னுடைய டிப்பரில் டெம்பரேச்சர் முள் ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடத்தில் மேலே போகிறது. ரேடியேற்றரைத் தொட்டால் வெதுவெதுப்புக்கூட இல்லை. சென்சர்தானே? வாங்கிப் பூட்டட்டுமா?

கல்முனை_ஓட்டோஎலக்ட்ரிக் | திங்கள், காலை 8.02

பூட்ட முன் செலவில்லாத ஒரு வேலை. வண்டியை இரவு முழுக்க நிறுத்தி வைத்து, விடிய ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஓன் பண்ணி ஸ்கேனரில் பாருங்கள். தண்ணீர் சூடு, உள்ளிழுக்கும் காற்றின் சூடு, டீசல் சூடு மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக இருக்க வேண்டும். நம்முடைய பக்கம் விடியற்காலை 25, 27 இருக்கும். இரண்டு 26 காட்டி ஒன்று மட்டும் 58 காட்டினால் அந்த ஒன்று பொய் சொல்கிறது.

பிறகு அந்த சென்சரின் ஓம் (மின்தடை) பாருங்கள். சூடு ஏற ஏற ஓம் குறையும் வகை அது. பொஷ் வகை ஒன்று 20 பாகையில் 2,500 ஓம் அளவு, 80 பாகையில் 320 அளவு, 100 பாகையில் 190க்குக் கிட்ட. உங்கள் வண்டிக்கு எது என்று புத்தகத்தில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பிளக்கைக் கழற்றினால் இசிஎம் மைனஸ் 40 போலக் கடுங்குளிர் காட்ட வேண்டும், கோட் எஃப்எம்ஐ 3 வர வேண்டும். பிளக்கின் இரண்டு பின்னையும் சின்ன வயரால் இணைத்தால் கடும் சூடு காட்டி எஃப்எம்ஐ 4 வர வேண்டும். இரண்டும் சரியாக மாறினால் வயரும் இசிஎம்மும் நல்லது, சென்சரை மனச்சாட்சியோடு வாங்கலாம். மாறாவிட்டால் புது சென்சர் போட்டாலும் அதே முள்தான். இரண்டு வயர் சென்சருக்கு மட்டும் இந்த இணைப்பு வேலை. மூன்று வயர் பிரஷர் சென்சரில் 5 வோல்ட்டையும் ரிட்டர்னையும் இணைத்துவிடாதீர்கள்.

படுவான்கரை_பெக்கோ | திங்கள், பகல் 12.35

காக்கா, அளந்தேன். 4.98 வோல்ட். எல்லா பிளக்கிலும் 4.98. ஒரு குறையும் இல்லை. ஃபில்டரும் மாற்றினேன் அண்ணன், தண்ணீர் இல்லை. உண்மையைச் சொன்னால் மனம் விட்டுப் போய்விட்டது. எல்லாம் சரி என்றால் இசிஎம்தானே மிஞ்சுகிறது?

அம்பாறை_கல்குவாரி | திங்கள், பகல் 12.58

நான் ஒப்பரேட்டர், பாஸ் (மெக்கானிக்) இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். எங்கள் குவாரியில் லோடர் ஒன்றுக்கு இப்படி அலாரம் அடித்தபோது, சென்சருக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டர் போட்டு இசிஎம்மை ஏமாற்றி ஓட்டினார்கள். வேலை அவசரம் என்றால் தம்பி அப்படிச் செய்யலாமா என்று கேட்க வந்தேன், பிறகு அந்த லோடருக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அது ஒயில் பிரஷர் சென்சர். எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 1. அப்போது எனக்கு இந்த எண் எதுவும் தெரியாது, துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தேன். சென்சர் பழுது என்று வந்தவர் சொன்னார். ரெசிஸ்டரைப் பூட்டினார்கள், அலாரம் நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். பதினொராம் நாள் மண்ணைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் போகும்போது எஞ்சின் இறுகி நின்றது. கிராங்க் பேரிங் ஒட்டிவிட்டது. அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. மேலே காக்கா எழுதியதைப் படித்த பிறகுதான் விளங்குகிறது, 1 என்றால் சென்சர் உண்மை சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் அதன் வாயைக் கட்டிவிட்டோம்.

வாழைச்சேனை_டீசல் | திங்கள், பகல் 1.20

இதை எழுதியதற்கு நன்றி தம்பி. ஒயில் பிரஷர் கோட் எந்த எஃப்எம்ஐயில் வந்தாலும் என்னுடைய கராஜில் ஒரே வழக்கம். எஞ்சினை நிறுத்து, சென்சரைக் கழற்றி அந்த ஓட்டையில் கையால் பூட்டும் பிரஷர் கேஜ் வை, ஸ்டார்ட் பண்ணிப் பார். பல 6 சிலிண்டர் எஞ்சின்களில் சூடான ஐடிலில் 10 பிஎஸ்ஐ, முழு ஓட்டத்தில் 30 பிஎஸ்ஐ அடிமட்டம் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். கேஜ் அதற்கு மேலே காட்டினால்தான் சென்சரைப் பற்றிப் பேச்சு. ரெசிஸ்டர் போட்டு ஓட்டச் சொல்லும் ஆளை நான் சைட்டுக்குள்ளேயே விடமாட்டேன்.

கல்முனை_ஓட்டோஎலக்ட்ரிக் | திங்கள், பகல் 2.10

பெக்கோ தம்பி, மனம் விடாதீர்கள். 4.98 நல்ல செய்தி. எப்போது அளந்தீர்கள்? வண்டி ஆறிப்போய் நின்றபோது. பழுது எப்போது வருகிறது? எஞ்சின் சூடாகி, பக்கெற் மண்ணுக்குள் இறங்கி, எஞ்சின் குலுங்கும்போது. நோயாளி தூங்கும்போது காய்ச்சல் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

உங்கள் மீற்றரில் மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் பட்டன் இருக்கிறதா? இருந்தால் பூஸ்ட் பிளக்கைப் பூட்டியபடியே, பின்பக்கத்தால் 5 வோல்ட் வயருக்கும் ரிட்டர்னுக்கும் பின்னை விட்டு, நீளமான வயரால் மீற்றரை கேபினுக்குள் கொண்டுபோங்கள். வயர் ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல் கட்டுங்கள். வண்டியை வேலை செய்ய விடுங்கள். கோட் வந்த நிமிடம் மீற்றர் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள்.

விழுந்தால், எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் ஓனில் வைத்து, ஹார்னஸை இசிஎம் பக்கம் இருந்து ஒரு சாண் ஒரு சாணாகப் பிடித்து அசைத்துக்கொண்டு வாருங்கள். ஒருவர் மீற்றரைப் பார்க்க, ஒருவர் அசைக்க வேண்டும். தனி ஆளாகச் செய்தால் தவறவிடுவீர்கள். கிளிப் உள்ள இடம், பிராக்கெற் விளிம்பு, எஞ்சினில் இருந்து பொடிக்குத் தாவும் இடம், இந்த மூன்றிலும் கூடுதலாக நில்லுங்கள். அறுவடை முடிந்து வயல் எலி வண்டிக்குள் ஏறுகிற காலத்தில் என்றால் எலிப் பல்லையும் தேடச் சொல்லியிருப்பேன்.

சம்மாந்துறை_டிப்பர் | செவ்வாய், காலை 6.05

விடியற்காலை பார்த்தேன் காக்கா. தண்ணீர் 61, காற்று 27, டீசல் 27. பிளக்கைக் கழற்றினால் மைனஸ் 40, இணைத்தால் உச்சம். நீங்கள் சொன்ன மாதிரியே. சென்சருக்குச் சொல்லிவிட்டேன். முதல் தடவையாகத் தெரிந்துகொண்டு ஒரு பார்ட்ஸ் வாங்குகிறேன்.

களுவாஞ்சி_மாணவன் | செவ்வாய், காலை 7.30

பூஸ்ட் சென்சருக்கும் இப்படி ஸ்டார்ட் பண்ணாமல் பார்க்கும் முறை இருக்கிறதா?

கல்முனை_ஓட்டோஎலக்ட்ரிக் | செவ்வாய், காலை 7.55

இருக்கிறது. எஞ்சின் ஓடாதபோது உள்ளே இருப்பது வெளிக் காற்றுத்தான். நாங்கள் கடல் மட்டத்தில் இருக்கிறோம், அதனால் முழு அழுத்தத்தைக் காட்டும் ஸ்கேனரில் 101 கிலோ பஸ்கல் அளவு வர வேண்டும். இதே வண்டியை நுவரெலியாவுக்கு ஏற்றினால் 81 அளவுதான் வரும், அங்கே அது சரியான எண். எஞ்சினில் வெளிக் காற்றுக்கு வேறு சென்சர் இருந்தால் இரண்டும் ஒன்றாக நிற்க வேண்டும். கல்முனையில் நின்றுகொண்டு ஒன்று 101, மற்றது 118 காட்டினால் எஞ்சினில் கை வைக்க முன்னமே வித்தியாசம் தெரிந்துவிட்டது. சில ஸ்கேனர் வெளிக் காற்றைக் கழித்து 0 காட்டும், அதையும் கவனியுங்கள்.

ரெயில் பிரஷரும் அப்படித்தான். நிறுத்திக் கொஞ்ச நேரம் போனால் 0க்குக் கிட்ட, சிக்னல் வயரில் 0.5 வோல்ட்.

படுவான்கரை_பெக்கோ | செவ்வாய், மாலை 5.48

கிடைத்துவிட்டது.

மீற்றரை கேபினில் கட்டிவிட்டு வேலை செய்தேன். ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் 4.97, 4.98. பக்கெற்றைப் பாறை விளிம்பில் குத்திய நேரம் இழுவை விழுந்தது, மீற்றர் 0.86. மூன்று கோட்டும் வந்தன. நான் கத்தியதில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த பொடியன் ஓடி வந்தான். அவனை கேபினில் இருத்தி மீற்றரைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் அசைத்துக்கொண்டு வந்தேன்.

சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம், உள்ளிழுக்கும் மனிஃபோல்டுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடம். கையை விட்டு ஹார்னஸை இழுத்ததும் "ஐந்து!" என்றான். விட்டதும் "ஒன்று!" என்றான். நாலு தரம் செய்தேன், நாலு தரமும் அதே. கண்ணாடித் துண்டை வைத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஹார்னஸைப் பிடிக்கும் ரப்பர் போட்ட கிளிப் அங்கே இல்லை. போல்ட் ஓட்டை மட்டும் இருக்கிறது. முன்பு யாரோ டர்போவோ மனிஃபோல்டோ கழற்றியபோது திரும்பப் போடாமல் விட்டிருக்கிறார்கள். ஹார்னஸ் தொங்கி, பிராக்கெற்றின் கூர் விளிம்பில் தேய்ந்து, வெளிக் குழாயும் தோலும் அறுந்து, ஒரு வயரின் செம்பு பச்சையாக வெளியே தெரிகிறது. எஞ்சின் சூடாகி, சுமையில் சாயும்போது அது பிராக்கெற்றைத் தொடுகிறது.

இதற்கு இரண்டு சென்சர் மாற்றியிருக்கிறேன். ஒரு கிளிப்புக்கு.

காக்கா, எப்படித் திருத்துவது? டேப் சுற்றி விடலாமா? நாளைக்கே வேலை தொடங்க வேண்டும்.

கல்முனை_ஓட்டோஎலக்ட்ரிக் | செவ்வாய், மாலை 6.40

அல்ஹம்துலில்லாஹ். படித்ததும் எனக்கே பெரிய நிம்மதி.

டேப் மட்டும் வேண்டாம். எஞ்சின் சூட்டில் பசை உருகி நழுவிவிடும். பற்றரி மைனஸைக் கழற்றுங்கள். பச்சை பிடித்த செம்பை வெட்டுங்கள், இரண்டு பக்கமும் பளபளக்கும் செம்பு தெரியும் வரைக்கும் பின்னால் போங்கள். வயர் குட்டையானால் அதே தடிப்பில் துண்டு வயர் சேர்க்கலாம். நல்ல கிரிம்ப் டூலால் (இணைப்புக் குழாயை நசுக்கி வயரை இறுக்கும் கருவி) இணைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயைச் சூடாக்கி மூடுங்கள். பக்கத்து வயர்களின் தோலையும் பாருங்கள், பாதி தேய்ந்ததையும் இப்போதே செய்துவிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பு வந்தால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காமல் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிறகு வெளிக் குழாய், பிறகு கிளிப். கிளிப் இல்லாமல் மூடினால் இந்த இழையை அடுத்த வருடம் திரும்பத் தொடங்குவீர்கள்.

சிலிக்கன் பசை பூசாதீர்கள். புளிச்ச வினாகிரி மணம் வரும் வகை செம்பை அரிக்கும்.

வாழைச்சேனை_டீசல் | செவ்வாய், இரவு 7.15

காக்கா, நான் ஈயம் வைத்து ஒட்டுவேன். முப்பது வருடம் அப்படித்தான். அது பிடியும் இறுக்கம், கரண்டும் நன்றாகப் போகும். கிரிம்ப் கழன்று வந்த வண்டிகளை நான் கண்டிருக்கிறேன்.

கல்முனை_ஓட்டோஎலக்ட்ரிக் | செவ்வாய், இரவு 7.50

மோசமான கிரிம்ப் கழன்று வரும் அண்ணன், அதில் மறுப்பில்லை. சாதாரணக் குறட்டால் நசுக்கினால் அது கிரிம்ப் இல்லை. ஆனால் ஈயம் செம்பு இழைகளுக்குள் ஏறி, ஏறின இடம் வரைக்கும் வயரைக் கம்பி மாதிரி விறைப்பாக்கிவிடும். ஈயம் முடியும் இடத்தில்தான் அதிர்வு முழுக்க விழும், அங்கேதான் அறும். வீட்டு ரேடியோவுக்கு ஈயம் நல்லது. நாள் முழுக்க அதிரும் எஞ்சினில் நான் கிரிம்ப்தான். நீங்கள் ஈயம் வைத்தால் இரண்டு பக்கமும் கிளிப்பால் பிடித்து, அந்த இடம் வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அப்போது நிற்கும்.

ஒலுவில் கரையில் கல் போடும் வேலைக்குப் போன வண்டிகள் என்னிடம் வரும்போது இன்னொன்று பார்க்கிறேன். வேலை முடிந்ததும் உப்பு போகட்டும் என்று பிரஷர் வோஷரால் பிளக்குகளுக்கு நேராக அடிக்கிறார்கள். ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. உப்பைக் கழுவத்தான் வேண்டும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும், பிளக்கை நோக்கி அடிக்க வேண்டாம்.

அம்பாறை_கல்குவாரி | செவ்வாய், இரவு 8.30

வெல்டிங் பற்றி மேலே ஒரு வரி சொன்னீர்கள் காக்கா. எங்கள் சைட்டில் பக்கெற் பல் வாரத்துக்கு ஒரு தடவை ஒட்டுகிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

கல்முனை_ஓட்டோஎலக்ட்ரிக் | செவ்வாய், இரவு 8.44

பற்றரி இரண்டு முனையும் கழற்ற வேண்டும், இசிஎம் பிளக்கும் கழற்ற வேண்டும். ஏர்த் கிளம்பை ஒட்டும் இடத்துக்கு மிகக் கிட்ட, பெயின்ட் சுரண்டிய இரும்பில் போட வேண்டும். பல் ஒட்டுவதற்குச் செயின் பக்கம் ஏர்த் போட்டால் கரண்ட் வண்டி முழுக்கச் சுற்றித்தான் போகும், வழியில் பேரிங்கும் இசிஎம்மும் இருக்கின்றன.

களுவாஞ்சி_மாணவன் | புதன், காலை 6.50

எங்கள் வகுப்பில் கொமட்சு பிசி200-8 இன் கோட் பட்டியல் பார்த்தோம். அதில் எஸ்பிஎன் இல்லை, சிஏ என்று தொடங்குகிறது. அது வேறு முறையா?

கல்முனை_ஓட்டோஎலக்ட்ரிக் | புதன், காலை 7.20

அந்த எஞ்சினும் கமின்ஸ் கியூஎஸ்பி6.7 உம் ஒரே அடிப்படை. சிஏக்குப் பின்னால் வருவது கமின்ஸின் எண். 144 தண்ணீர் சூட்டு சென்சர் வோல்டேஜ் மேலே, 145 கீழே. 451 ரெயில் சென்சர் மேலே, 452 கீழே. 386 சப்ளை 1 மேலே, 352 கீழே. பாருங்கள், எஃப்எம்ஐ 3 உம் 4 உம் அங்கே இரண்டு தனி எண்ணாகப் பிரிந்திருக்கின்றன. 352 உடன் 452 உம் சேர்ந்து வந்தால் எதை முதலில் தேடுவீர்கள் என்று இனி உங்களுக்கே தெரியும்.

படுவான்கரை_பெக்கோ | அடுத்த திங்கள், இரவு 8.05

திருத்தி இன்றைக்கு 41 மணித்தியாலம் ஓடிவிட்டது. ஒரு கோட்டும் இல்லை. இழுவை பழைய மாதிரி. கட்டின் தெற்குப் பக்கம் முடிந்தது, மதகுப் பக்கம் மட்டும் இருக்கிறது.

சென்சர் மாற்றியவருக்கு ஃபோன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். கோபமாகப் பேசவில்லை. "5 வோல்ட் அளந்தீர்களா அண்ணன்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு படத்தை அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். காசு திரும்ப வராது, ஆனால் அடுத்த ஆளுக்காவது அளந்து பார்ப்பார் என்று நம்புகிறேன். பழைய ரெயில் சென்சரும் பூஸ்ட் சென்சரும் நல்லதுதான், துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு முழுக்க டோர்ச்சும் கண்ணாடியுமாக எஞ்சினைச் சுற்றிப் பார்த்தேன். இன்னும் இரண்டு இடத்தில் கிளிப் இல்லை. ஒன்று ஸ்டார்ட்டருக்கு மேலே, அங்கேயும் வெளிக் குழாய் தேயத் தொடங்கியிருக்கிறது. காக்கா, கிளிப் எந்த அளவு வாங்க வேண்டும்?

கல்முனை_ஓட்டோஎலக்ட்ரிக் | அடுத்த திங்கள், இரவு 8.31

ஹார்னஸைச் சுற்றி ஒரு நூலைப் போட்டு, நூலின் நீளத்தை 3.14 ஆல் பிரியுங்கள், அந்த மில்லிமீற்றர்தான் கிளிப்பின் உள் அளவு. ரப்பர் போட்டதாகக் கேளுங்கள், வெறும் தகடு வேண்டாம். ஸ்டார்ட்டருக்கு மேலே உள்ளதை நாளைக்கு வேலை தொடங்க முன்பே பூட்டிவிடுங்கள், அந்தப் பக்கம் தடித்த பற்றரி வயரும் போகிறது.